மெட்டை விட்டுக்கொடுக்காத அந்தோன் கார்சியா அப்ரில்

வயலின் கலைஞர் ஹிலரி ஹான் பத்தின வீடியோ போட்டதுல இருந்து கமெண்ட்ல ஒரே கேள்விதான் வந்துக்கிட்டே இருக்கு. "அவங்களுக்காக ஆறு பார்ட்டிட்டா எழுதினவர்னு ஒரு ஸ்பானிஷ் பேரு சொன்னீங்களே, அந்தோன் கார்சியா அப்ரில். அதே பேரு 1972ல வந்த ஒரு பேய்ப் படத்தோட டைட்டில்லயும் வருது. அது வேற ஆளா? அவரோட அப்பாவா?" நீங்க கேக்குறது அமாந்தோ தெ ஒஸ்ஸோரியோ எடுத்த படம். கண்ணில்லாத டெம்ப்ளர் வீரர்கள் கல்லறையில இருந்து எழுந்து, ஸ்லோ மோஷன்ல குதிரை ஓட்டிக்கிட்டு வருவாங்களே, அதுதான். இன்னொருத்தர் ஃப்ராங்கோ நீரோ நடிச்ச 'டெக்சாஸ், அத்தியோ'ங்கிற கௌபாய்ப் படத்துல இந்தப் பேரைப் பார்த்துட்டு அதே சந்தேகத்தோட வந்திருக்காரு.

ஒரே ஆள்தாங்க. பேய்ப் படத்துக்கும் அவர்தான், கௌபாய்ப் படத்துக்கும் அவர்தான். மாட்ரிட் தெயாத்ரோ ரெயால்ல பிளாசிதோ தொமிங்கோ பாடின ஓப்பராவுக்கும் அவர்தான். வயலின்ல இன்னைக்கு உலகத்தோட உச்சியில இருக்கிற ஒருத்தர் தேடிப் போய்க் கேட்டு வாங்கின பார்ட்டிட்டாவுக்கும் அவர்தான்.

இதைச் சொன்ன உடனே அடுத்த கேள்வி வரும், ஏற்கெனவே வந்துடுச்சு: "சினிமாவுக்குப் போனதாலதான் கிளாசிக்கல் உலகம் அவரை ரொம்ப நாள் ஓரமா வெச்சிருந்துச்சா?" இந்த வீடியோவே இந்தக் கேள்விக்காகத்தான். என் பதில் முதல்லயே சொல்லிடறேன். சினிமா காரணமே கிடையாது. அவரை மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சது மெட்டு. மெட்டை விடமாட்டேன்னு நின்னாரு, அதுதான் விஷயம். இதை இந்த வீடியோவுல நான் பல தடவை சொல்லப் போறேன், ஏன்னா அவரோட முழு வாழ்க்கையும் இதுக்குள்ள அடங்கிடுது.

சரி, ஆரம்பத்துல இருந்து போவோம். 1933 மே 19. ஊரு தெருவேல். ஸ்பெயினோட கிழக்குப் பக்கம், அராகோன் பகுதியில மலை மேல இருக்கிற சின்ன ஊரு. ஸ்பானிஷ் உள்நாட்டுப் போர் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள நான் போகல. ஆனா தெருவேல்ங்கிற பேரு அந்தப் போரோட வரலாறு படிச்ச எல்லாருக்கும் தெரியும். 1937 டிசம்பர்ல இருந்து 1938 பிப்ரவரி வரைக்கும் அங்க நடந்த சண்டை, அந்தப் போர்லயே மிகக் கொடுமையான சண்டைகள்ல ஒண்ணு. அவ்வளவு கடுமையான குளிர். ரெண்டு பக்கமும் குண்டடி பட்டுச் செத்தவங்க ஒரு பக்கம்னா, குளிர்ல உறைஞ்சு கை கால் போனவங்க இன்னொரு பக்கம். ஊரு இடிஞ்சு கிடந்துச்சு. அப்போ இவருக்கு நாலு வயசு.

அந்த ஊர்ல இடிபாட்டுக்கு நடுவுல தப்பிச்சு நின்னது, பின்னால பழுது பார்த்து நிறுத்தினது என்னன்னா, முதேஹார் கோபுரங்கள். கிறிஸ்தவ அரசர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அங்கயே தங்கின முஸ்லிம் கைவினைஞர்கள் செங்கல்லும் பச்சை வெள்ளை ஓடும் வெச்சுக் கட்டின கோபுரங்கள். மேல இருக்கிற மணி தேவாலயத்துக்கு, சுவர்ல இருக்கிற கோலம் அரபு மரபுக்கு. 1986ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1985ல, கார்சியா அப்ரில் கிட்டாருக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் ஒரு கன்செர்ட்டோ எழுதினாரு. அதுக்கு வெச்ச பேரு 'கொன்சியெர்த்தோ முதேஹார்'. கிட்டார் வாசிக்கிறவங்க இதை விட்டுடாதீங்க. ஸ்பானிஷ் கிட்டார் கன்செர்ட்டோன்னா எல்லாரும் ரொத்ரிகோவோட 'அரான்ஹுவெஸ்' ஒண்ணோட நிறுத்திக்கிறோம். அது பெரிய படைப்புதான், யாரும் மறுக்கல. ஆனா அதோட நிறுத்திக்கிறது நமக்குத்தான் நஷ்டம்.

படிப்பு. வாலென்சியா, அப்புறம் மாட்ரிட். அதுக்கப்புறம்தான் முக்கியமான இடம், இத்தாலியில இருக்கிற சியெனா. அங்க கீஜியானா அகாதெமி. கோடைகால வகுப்புகள் நடக்கிற இடம்; உலகத்துல இருக்கிற பெரிய வாத்தியக்காரங்க எல்லாம் வந்து பாடம் எடுப்பாங்க. அங்க இவரு மூணு பேர்கிட்ட படிச்சாரு. கம்போசிஷனுக்கு வீத்தோ ஃப்ராத்ஸி. ஆர்கெஸ்ட்ரா நடத்துறதுக்கு பால் வான் கெம்பன். மூணாவது ஆளைக் கவனிங்க, ஆஞ்செலோ ஃப்ரான்செஸ்கோ லவான்யினோ. அவரு எடுத்த பாடம் சினிமா இசை! ஓர்சன் வெல்ஸோட 'ஒதெல்லோ'வுக்கு இசையமைச்சவரு இந்த லவான்யினோதான். அப்படின்னா கார்சியா அப்ரில் சினிமாவுக்கு வயித்துப் பிழைப்புக்காக வழி தவறிப் போனாருன்னு நினைக்காதீங்க. கம்போசிஷன் மாதிரியே, கண்டக்டிங் மாதிரியே, சினிமா இசையையும் ஒரு பாடமா எடுத்து, ஒரு ஆசான்கிட்ட முறையா உட்கார்ந்து கத்துக்கிட்டவரு.

1964ல மறுபடியும் இத்தாலி. இந்தத் தடவை ரோம், சாந்தா செசிலியா அகாதெமி, ஆசிரியர் கொஃப்ரேதோ பெத்ராஸி. இந்தப் பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? என்னியோ மோரிகோனேவோட ஆசிரியர்! மோரிகோனே அதுக்கு ரொம்ப முன்னாடியே இவர்கிட்ட படிச்சு முடிச்சவரு. பெத்ராஸி கறாரான ஆளு, நவீன இசையில இத்தாலியோட பெரிய தூண். அவர்கிட்ட படிச்ச ரெண்டு பேரும் கௌபாய்ப் படத்துக்கு இசையமைச்சிருக்காங்க, ரெண்டு பேரும் கச்சேரி மேடைக்கும் கடைசி வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க.

இப்போ கதையோட நடுப்பகுதிக்கு வருவோம். 1958. மாட்ரிட்ல 'குரூப்போ நுயெவா மூசிகா'ன்னு ஒரு குழு ஆரம்பிக்குது. ராமோன் பார்சே, கிரிஸ்தோபல் ஹால்ஃப்டர், லூயிஸ் தெ பாப்லோ, இன்னும் சில பேரு, அதுல நம்ம ஆளும் இருக்காரு. பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பசங்க, ஒன்னு ரெண்டு பேரு முப்பதைத் தொட்டிருப்பாங்க. இவங்களுக்குப் பின்னால '51 தலைமுறை'ன்னே பேரு வந்துடுச்சு.

இவங்க என்ன செய்யப் பார்த்தாங்கன்னு நியாயமா சொல்லணும். சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஆட்சியில ஸ்பெயின் ஐரோப்பாகிட்ட இருந்து துண்டிச்சுக் கிடந்த நாடு. ஷோன்பெர்க், வெபெர்ன், பியர் பூலேஸ், ஸ்டாக்ஹவுசன்னு மத்த ஊர்ல எல்லாம் இசை எங்கேயோ போயிடுச்சு. ஸ்பெயின் இசைக் கல்லூரியில இதெல்லாம் கண்ணுல காட்டவே மாட்டாங்க. பசங்க ஸ்கோர் தேடி அலைஞ்சு, ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் வாங்கிப் படிச்சாங்க. தெ பாப்லோ 1959லயே 'தியெம்போ இ மூசிகா'ன்னு கச்சேரி அமைப்பு, 1965ல 'அலெயா'ன்னு இன்னொரு அமைப்புன்னு தொடங்கி, புது இசையை மாட்ரிட்ல கேட்க வெச்சாரு. ஹால்ஃப்டர் 1968ல ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தோட 20ஆம் ஆண்டுக்காக ஒரு கான்டாட்டா எழுதினாரு. ஃப்ராங்கோ நாட்டுல இருந்துக்கிட்டு மனித உரிமைக்குப் பாட்டு! எனக்கு இவங்க ரெண்டு பேர் மேலயும் பெரிய மரியாதை இருக்கு. அவங்களைக் குறைச்சுச் சொல்றதுக்காக இந்த வீடியோ இல்ல.

ஆனா அந்த அலையில ஒண்ணு நடந்துச்சு. புதுசு எழுதணும்னா மெட்டைக் கைவிட்டாகணும்ங்கிற எண்ணம், மெல்ல மெல்ல ஒரு விதி மாதிரி ஆயிடுச்சு. வாயில முணுமுணுக்க முடியிற மாதிரி ஒரு வரி எழுதிட்டா, நீ பின்தங்கின ஆளுன்னு அர்த்தம். ஸ்பெயின்ல மட்டும் இல்ல, மேற்கு ஐரோப்பா முழுக்க அந்தக் காலத்துல அந்தக் காத்துதான் அடிச்சுது. அந்தக் குழுவுக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு, எல்லாப் புது உத்தியும் கத்துக்கிட்டு, "இதெல்லாம் சரி, ஆனா மெட்டு என்னோடதான் வரும்"னு நின்னவரு கார்சியா அப்ரில்.

இப்போ அந்தக் கமெண்டுக்குத் திரும்பி வர்றேன். சினிமாதான் காரணமா? பாருங்க, லூயிஸ் தெ பாப்லோ, அந்தக் காலத்து அவான்-கார்டோட முகமே அவருதான், அவரு கார்லோஸ் சவுராவோட 'லா காசா'வுக்கு இசையமைச்சாரு. 1966ல வந்த படம், சில பேர் முயல் வேட்டைக்குப் போயி ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிற கதை. விக்தோர் எரிசேவோட 'தேனடையின் ஆவி', 1973, அதுக்கும் அவருதான். அதே தலைமுறையில கார்மெலோ பெர்னாவோலா, அவரும் கறாரான நவீனக்காரரு, 'வெரானோ அசூல்'ங்கிற டிவி தொடருக்கு டைட்டில் மியூசிக் போட்டாரு. ஸ்பெயின்ல அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அது மனப்பாடம். அப்போ சினிமா, டிவி எல்லாருமே பண்ணியிருக்காங்க. சினிமாவுக்குப் போனதுக்காக யாரையும் யாரும் தள்ளி வைக்கல.

வித்தியாசம் எங்கன்னா, பெர்னாவோலா மாதிரி ஆளுங்க டிவிக்கு எழுதும்போது ஒரு கையால மெட்டு எழுதினாங்க, கச்சேரிக்கு எழுதும்போது இன்னொரு கையால எழுதினாங்க. கார்சியா அப்ரிலுக்கு ஒரே கைதான். டிவிக்கு எழுதுற மெட்டுல எவ்வளவு உழைப்போ, பியானோ கன்செர்ட்டோவுல இருக்கிற மெட்டுலயும் அவ்வளவு உழைப்பு. அவரோட ரெண்டு உலகத்துக்கும் நடுவுல சுவரே இல்ல. என்னைக் கேட்டா அவரோட பெருமையே இதுதான்.

அந்த டிவி மெட்டு. இதைச் சொல்லாம ஸ்பெயின்ல யாரும் இவரைப் பத்திப் பேச மாட்டாங்க. 'எல் ஓம்ப்ரே இ லா தியெர்ரா', 'மனிதனும் பூமியும்'. 1974ல ஆரம்பிச்சு 1981 வரைக்கும் அரசுத் தொலைக்காட்சியில வந்த காட்டுயிர்த் தொடர். அப்போ ஸ்பெயின்ல அரசு டிவி மட்டும்தான், தனியார் சேனல்கள் 1990ல தான் வருது. அப்போ டைட்டில் மியூசிக் வந்துச்சுன்னா நாடே ஒண்ணா கேக்குது. தாளம் அடிச்சு ஆரம்பிக்கும், சொல்லே இல்லாத மனுஷக் குரல்கள் அதோட சேரும், ஏதோ மனுஷன் பேசக் கத்துக்கிறதுக்கு முன்னாடி பாடின மாதிரி ஒரு வேகம். பிறகு ஆர்கெஸ்ட்ரா திறந்துக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு முழுக் காடு. இன்னைக்கும் ஸ்பெயின்ல ஐம்பது வயசுக்கு மேல இருக்கிற யார்கிட்டயும் முதல் ரெண்டு அடி தட்டிக் காட்டுங்க, மீதியை அவங்க பாடிடுவாங்க.

அந்தத் தொடரை நடத்தினவரைப் பத்தி ஒரு நிமிஷம் பேசாம என்னால நகர முடியல. ஃபெலிக்ஸ் ரொத்ரிகெஸ் தெ லா ஃபுவென்தே. பல் மருத்துவம் படிச்ச டாக்டரு. அதை விட்டுட்டு வேட்டைப் பருந்து பழக்குறதுக்குப் போனவரு. ஸ்பெயின்ல ஓநாய்ன்னா சுட்டுத் தள்ள வேண்டிய பிராணின்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்த காலத்துல, ஓநாய்க் குட்டிகளைத் தானே வளர்த்து, அதுங்களோட வாழ்ந்து, ஓநாய் வாழணும்னு டிவியில நின்னு பேசினவரு. மலை விளிம்புல ஒரு கழுகு இறங்கி, ஒரு காட்டாட்டுக் குட்டியைக் காலால பிடிச்சு இழுத்துக்கிட்டுப் பறக்குமே, அந்தக் காட்சி இவரோடதுதான். 1980 மார்ச் 14, அலாஸ்காவுல நாய் வண்டிப் பந்தயத்தைப் படம் எடுக்கப் போனப்போ சின்ன விமானம் விழுந்து, கூட இருந்த கேமராக்காரங்களோட இறந்துட்டாரு. அன்னைக்கு அவருக்குப் பிறந்த நாள், 52 முடியுது. ஒரு தலைமுறைப் பிள்ளைங்க முழுக்க அந்தச் செய்தியைக் கேட்டு அழுதாங்க. அவரோட குரலும் கார்சியா அப்ரிலோட அந்த மெட்டும் ஸ்பெயின் மனசுல பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டு இருக்கு. இவரைப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடணும்னு ரொம்ப ஆசை, போடுவேன்.

சரி, திரும்பி வருவோம். படங்கள்னு பார்த்தா நூத்துக்கும் மேல. எல்லாமே பெரிய படம் கிடையாது. அறுபதுகள்ல பாகோ மார்த்தினெஸ் சோரியா நடிச்ச நகைச்சுவைப் படங்கள், கிராமத்துத் தாத்தா மாட்ரிட்டுக்கு வந்து இறங்குற கதைங்க, அதுக்கெல்லாம் எழுதியிருக்காரு. கன்னியாஸ்திரி கார் ஓட்டுற படத்துக்கு எழுதியிருக்காரு. வாரா வாரம் கெடு வெச்சு வேலை. ஆனா எண்பதுகளுக்கு வாங்க. இயக்குநர் மாரியோ காமுஸ் கூட சேர்ந்த படங்கள். கமிலோ ஹொசே செலாவோட நாவலை வெச்சு 'லா கொல்மேனா', 1982. பெர்லின்ல தங்கக் கரடி வாங்குச்சு. அடுத்து 1984ல 'லோஸ் சாந்தோஸ் இனொசெந்தெஸ்', 'புனிதமான அப்பாவிகள்'.

இந்த ரெண்டாவது படத்துல கொஞ்சம் நிக்கணும். மிகெல் தெலிபெஸ் எழுதின நாவல். எஸ்த்ரெமதூரா பகுதியில ஒரு பண்ணை. பண்ணையாரு வேட்டைக்கு வருவாரு; குத்தகைக் குடும்பம் ஒண்ணு அவரு கால்ல கிடக்கும். பாகோன்னு ஒருத்தரு, சுட்ட பறவை எங்க விழுந்துச்சுன்னு நாய் மாதிரி மோப்பம் பிடிச்சு எடுத்துக்கிட்டு வருவாரு, அதுல அவருக்குப் பெருமை வேற. அவரோட மச்சான் அசாரியாஸ், மனசு வளராத குழந்தை மாதிரி, ஒரு பறவையை வளர்த்துத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திரிவாரு. பாகோவா ஆல்ஃப்ரெதோ லாந்தா, அசாரியாஸா ஃப்ரான்சிஸ்கோ ரபால், ரெண்டு பேருக்கும் சேர்த்து கான்ல சிறந்த நடிகர் விருது கொடுத்தாங்க.

இந்தப் படத்துக்கு ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு வந்து கண்ணீர் வரவழைக்கிறது ரொம்பச் சுலபம். இவரு அதைச் செய்யல. ரபேல்ன்னு ஒரு பழைய வாத்தியம், மேய்ச்சல்காரங்க கையில இருந்த வில் போட்டு வாசிக்கிற வாத்தியம், கரகரன்னு மெலிஞ்ச குரல். அதைக் கையில எடுத்தாரு, கூட கொஞ்சம் தாளம். அந்த ரபேல் வாசிக்கிற மெட்டு ரொம்பச் சின்னது. அழகா இல்ல, வறண்டு இருக்கு. பேச்சு வராத ஒரு ஆளு முனகுற மாதிரி இருக்கு. இங்கதான் நான் சொல்ற விஷயம் புரியும். மெட்டுன்னா இனிப்புன்னு நினைச்சுக்காதீங்க. இவரு கையில மெட்டு வறண்டு இருக்கும், கோபப்படும், பயமுறுத்தும். அந்த டெம்ப்ளர் பேய்ப் படத்துல கூட உங்களைப் பயமுறுத்துறது சத்தம் கிடையாது, தேவாலயத்துல பாடுற மாதிரி மெதுவா இழுத்துப் போற குரல்தான்.

1974ல இருந்து 2003 வரைக்கும் மாட்ரிட் இசைக் கல்லூரியில கம்போசிஷன் பேராசிரியரா இருந்தாரு. ஸ்பெயின்ல இன்னைக்கு எழுதிக்கிட்டு இருக்கிற எத்தனையோ பேர் அவர் வகுப்புல இருந்து வந்தவங்க. அவங்கள்ல பல பேரோட இசை இவரோடது மாதிரி இல்லவே இல்ல, அது ஒரு நல்ல ஆசிரியருக்கு அழகு.

1983ல சான் ஃபெர்னாந்தோ கலை அகாதெமியில உறுப்பினரா சேர்றாரு. புதுசா சேர்றவங்க ஒரு உரை நிகழ்த்தணும், அது அங்க மரபு. நாட்டோட பெரிய ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள், இசைக்காரங்க எல்லாம் உட்கார்ந்திருக்கிற சபை. என்ன தலைப்பு எடுத்தாரு? 'தெஃபென்சா தெ லா மெலோதியா'. மெட்டைக் காக்க! மெட்டோட பக்கம் நின்னு வாதாடுற உரை. 25 வருஷமா அவர் செஞ்சுக்கிட்டு இருந்த காரியத்துக்குத் தன் வாயாலயே பேரு வெச்சாரு. எண்பதுகளோட தொடக்கத்துல, அவர் தலைமுறையோட பாதிப் பேர் வேற திசையில போய்க்கிட்டு இருக்கும்போது, அந்தச் சபையில எழுந்து நின்னு அதைச் சொல்றதுக்குத் துணிச்சல் வேணும். மெட்டு செத்துடுச்சுன்னு சொல்றது அப்போ புரட்சியா தெரிஞ்சுது. மெட்டு வாழுதுன்னு சொல்றதுக்குத்தான் தனி ஆளா நிக்க வேண்டியிருந்துச்சு.

பத்து வருஷத்துல, 1993ல, அரசு அவருக்குத் தேசிய இசை விருது கொடுத்துச்சு. நடுவுல, 1989ல, சொந்த மண்ணான அராகோனுக்கு அதிகாரப்பூர்வ கீதமும் அவரோட இசைதான்.

1997. மாட்ரிட்டோட ஓப்பரா அரங்கம் தெயாத்ரோ ரெயால். 1925ல மூடினது. நடுவுல கச்சேரி மண்டபமா ஓடுச்சு, மறுபடி மூடினாங்க, வேலை நடந்துச்சு, தள்ளிப் போச்சு, மறுபடி தள்ளிப் போச்சு. கடைசியா 1997 அக்டோபர்ல ஓப்பராவுக்காகவே மறுபடி திறந்தாங்க. முதல்ல மானுவெல் தெ ஃபய்யாவோட படைப்புகள். அடுத்து ஒரு வாரத்துல, புத்தம் புதுசா எழுதின ஓப்பரா, 'திவீனாஸ் பலாப்ராஸ்', 'தெய்வ வாக்கு'. வாயே இன்க்லானோட நாடகம், ஃப்ரான்சிஸ்கோ நியேவா ஓப்பராவுக்காக எழுதிக் கொடுத்தது, இசை கார்சியா அப்ரில். பாடினவங்கள்ல பிளாசிதோ தொமிங்கோ.

நாடகம் பயங்கரமானது. கலீசியா கிராமம். தலை வீங்கின நோயோட ஒரு பையன், வண்டியில போட்டுத் திருவிழா திருவிழாவா இழுத்துக்கிட்டுப் போயி பிச்சை எடுக்கிறாங்க. அவன் அம்மா செத்ததும், அந்தப் பிச்சைக் காசுக்காகச் சொந்தக்காரங்க நாள் கணக்குப் போட்டு அவனைப் பங்கு பிரிச்சுக்கிறாங்க. அதுல ஒருத்தி மாரி கைலா. அவ வேற ஒருத்தனோட இருக்கும்போது ஊர் பிடிச்சுடுது, துணியில்லாம இழுத்துக்கிட்டு வருது. புருஷன் கோயில்ல பணி செய்யிற ஆளு. பாவம் செய்யாதவன் முதல் கல்லை எறியட்டும்ங்கிற பைபிள் வசனத்தை ஊர் பாஷையில சொல்றான், ஊர் சிரிக்குது. அதையே லத்தீன்ல சொல்றான், யாருக்கும் அர்த்தம் புரியல, ஊரே அடங்கிக் கலைஞ்சு போயிடுது. அர்த்தம் கேட்காத கூட்டம் ஓசைக்குக் கட்டுப்படுது. மெட்டோட சக்தியை வாழ்நாள் முழுக்க நம்பின ஒரு ஆளு ஓப்பரா எழுத இந்தக் கதையைக் கையில எடுத்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

நேரம் ஓடிடுச்சு, வேகமா போறேன். ஹிலரி ஹான். அவங்க இருபத்தேழு சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து ஒரு ஆல்பம் பண்ணாங்க, 2013ல வந்துச்சு, 2015ல கிராமி வாங்குச்சு. அதுல கார்சியா அப்ரில் எழுதினது ஒண்ணு, 'மூன்று பெருமூச்சுகள்'ல முதலாவது. அத்தனை பேர்ல இவரோட எழுத்துலதான் அவங்க மனசு தங்கிடுச்சு. வயலினுக்காக எழுதத் தெரிஞ்ச கை, பல குரலை ஒரு வாத்தியத்துக்குள்ள கேக்க வைக்கிற கைன்னு புரிஞ்சுக்கிட்டு, தனி வயலினுக்கு ஆறு பார்ட்டிட்டா எழுதித் தரச் சொன்னாங்க. பியானோ துணை கிடையாது, ஒண்ணும் கிடையாது. தனி வயலினுக்குப் பார்ட்டிட்டா எழுதின யோஹான் செபாஸ்டியன் பாக்குக்குப் பக்கத்துல போயி நிக்கிற வேலை. எண்பது வயசு ஆளு சம்மதிச்சு எழுதினாரு. ஆறு பார்ட்டிட்டாவுக்கும் ஆங்கிலத்துல ஹார்ட், இமென்சிட்டி, லவ், ஆர்ட், ரிஃப்லெக்டிவ், யூன்னு பேரு வெச்சாரு. முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்க, அவங்க பேரு வரும். 2016ல அவங்க மேடை மேடையா வாசிச்சாங்க.

2021 மார்ச் 17, மாட்ரிட்ல காலமானாரு, 87 வயசு. அதே வருஷம் மே மாசம் ஹால்ஃப்டர். அக்டோபர்ல தெ பாப்லோ. அந்தத் தலைமுறையோட மூணு பெரிய தூணும் ஒரே வருஷத்துல போயிடுச்சு.

இப்போ எல்லாரும் கேட்ட விஷயம், எதுல ஆரம்பிக்கிறது? சீக்கிரம் சொல்றேன், குறிச்சுக்கோங்க. முதல்ல 'எல் ஓம்ப்ரே இ லா தியெர்ரா' டைட்டில், ஒரு நிமிஷம்தான். அடுத்து 'லோஸ் சாந்தோஸ் இனொசெந்தெஸ்', முடிஞ்சா படத்தோடவே பாருங்க, ரபேல் மெட்டு எப்போ வருது, எப்போ வராம இருக்குன்னு ரெண்டையும் கவனிங்க. மூணாவது 'கொன்சியெர்த்தோ முதேஹார்'. முதல் தடவை கிட்டாரைப் பின்தொடருங்க, ரெண்டாவது தடவை கிட்டாரை விட்டுட்டு அடியில தந்திகள் என்ன பண்ணுதுன்னு மட்டும் கேளுங்க. மேல மெட்டு எளிமையா இருக்கும், அடியில ஒத்திசைவு எளிமையாவே இருக்காது. அவர் புதுசா கத்துக்கிட்டது எல்லாம் அங்கதான் இருக்கு. நாலாவது பியானோவுக்கு 'பிரெலூதியோஸ் தெ மிரம்பெல்'. தெருவேல் மாகாணத்து ஒரு சின்னக் கிராமத்தோட பேரு அது. அஞ்சாவதா பார்ட்டிட்டா, ஹிலரி ஹான் வாசிச்சது. ஆறையும் ஒரே மூச்சுல கேக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ஒரே வயலின்ல மெட்டு நகரும்போதே அதோட துணைக் குரலும் அதே வில்லுல வரும், எது மெட்டு எது துணைன்னு காது பிரிச்சு எடுக்க ஆரம்பிக்கும். அந்தப் பயிற்சி வந்துடுச்சுன்னா தெ பாப்லோ, ஹால்ஃப்டர் இசைக்குள்ளயும் நீங்க பயம் இல்லாம போகலாம். ஓப்பராவைக் கடைசியா வெச்சுக்கோங்க, கதையை முன்னாடியே படிச்சுட்டுப் போங்க.

பேய்ப் படம் பார்த்துட்டு வந்தவங்க பார்ட்டிட்டா கேளுங்க. பார்ட்டிட்டா கேட்டுட்டு வந்தவங்க அந்தப் படத்தைப் பாருங்க. வீட்ல வயலின் கத்துக்கிற பிள்ளை இருந்தா, முதல் பார்ட்டிட்டாவைக் கண்டிப்பா கேக்க வைங்க.